ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

சகாயசெல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், அழவும் மாட்டாள். கணினி முன்னால் உட்கார்ந்து எதையாவது எழுத ஆரம்பித்துவிடுவாள். பசுங்கிளை புரமோட்டர்ஸில் மனை கேட்டு வருகிறவர்களின் பெயரெல்லாம் யார் கையும் படாமல் தானாகவே கணினிக்குள் போய்ச் சேர ஆரம்பித்தது அப்படி வந்த ஒரு கோபத்தில்தான்.

இரண்டாயிரத்து ஆறு அது. திண்டுக்கல்லில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் மனைக்கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டிய காடுகள்தான் கண்ணில் பட்டன. பசுங்கிளை முதலாளி மோகன்குமாரும் பழனி ரோட்டில், ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நிலத்தை வாங்கி, விற்பனைக்கென்று நாற்பது மனை பிரித்து அப்ரூவலும் வாங்கியிருந்தார். கேட்டு வருகிறவர்களில் படித்தவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் பெயரைப் பதிவார்கள். மற்றவர்களுக்காகச் சந்தை நாளில் ரெட்டியார்சத்திரத்தில் பெரிய குடை ஒன்றை விரித்து, லேப்டாப்போடு ஷைனி என்கிற பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவளும் அதே பக்கத்தைத் திறந்து பெயரையும் போன் நம்பரையும் தட்டுவாள். எந்த வழியில் வந்தாலும் ஒவ்வொரு பெயரும் ஒரு மெயிலாக ஆபீசுக்கு வந்து விழும்.

விழுந்த மெயிலைத் திறக்கும் உரிமை விற்பனைப் பிரிவுக்குத் தலைவரான ஆண்டனிராஜுக்கு மட்டும் இருந்தது. வேண்டியவர் என்றால் உடனே போன் போகும். முகம் தெரியாதவர் என்றால் மெயில் அங்கேயே கிடந்து மட்கும். நல்ல மூலை மனையாக இருந்தால் அது எப்படியோ அவருடைய மச்சான் வகையறாவுக்கே போய்ச் சேரும். ஆபீசில் சி.ஆர்.எம். என்று ஒரு சாஃப்ட்வேரும் இருந்தது. கேட்டவர் யார், எப்போது கேட்டார், யார் அவரிடம் பேசினார்கள், அவர் என்ன சொன்னார் என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்துக் காப்பதற்கானது அது. கோயம்புத்தூரில் யாரோ வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு மோகன்குமார் வாங்கி வந்தார். வாங்கியதற்கு ஆயுதபூஜை அன்று கணினிக்குப் பொட்டு வைத்ததோடு சரி, ஒருவரும் அதைத் தொடவில்லை.

ஒருநாள் மத்தியானம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் டூட்டி முடிந்த கையோடு ஆபீசுக்கு வந்தார். மூன்று தடவை பெயர் பதிந்தும் ஒரு போன்கூட வரவில்லை என்று கேட்டார். ஆண்டனிராஜ் கண்ணைச் சிமிட்டாமல், "அப்படி ஒரு பேரே எங்களுக்கு வரலையேம்மா" என்றார். அந்த அம்மா தன்மேல்தான் தப்பு போல என்று நினைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அந்த மன்னிப்புத்தான் செல்வியைக் குடைந்தது. கணினி வேலை முழுக்க அவள் பொறுப்பு. அந்த மூன்று மெயிலும் வந்தது அவளுக்குத் தெரியும்.

பத்து நாளில் ஒரு கணினி நிரலை எழுதி முடித்தாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த நிரல் ஆபீஸ் மெயிலைத் தானே திறக்கும். பெயர், நம்பர், கேட்ட தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்துச் சி.ஆர்.எம்.முக்குள் வைக்கும். விற்பனைப் பையன்கள் ஆறு பேருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். ஆண்டனிராஜின் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்பதால் இரண்டு பூட்டும் போட்டாள். போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'கேட்டுச் சொல்வார்', 'ஊரில் இல்லை' என்று அவர்கள் எதையாவது அடித்துவைப்பது வழக்கம். அதனால் அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எந்த எழுத்து வந்தாலும் நிரல் சத்தமில்லாமல் கழித்துப் போட்டுவிடும். அதுபோக, ஒரே ஆளைப் பெயரை மாற்றி மாற்றி நாலு தடவை பதிந்து நாலு இடம் பிடிப்பார்கள். அதனால் ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று வைத்தாள். அதே நம்பர் மறுபடி வந்தால் அதே ஆள்தான். பெயரை மட்டும் புதுசாகத் திருத்திக்கொள்ளும், முதலில் கேட்ட தேதி அப்படியே நிற்கும். இந்த இரண்டாவது பூட்டில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மோகன்குமார் பார்த்தார். அவருக்கு அது நிரலாகத் தெரியவில்லை, விளம்பரமாகத் தெரிந்தது. 'கேட்ட வரிசைப்படியே மனை. வரிசையைக் காப்பது கணினி. சிபாரிசு செல்லாது' என்று பெரிய எழுத்தில் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். ஆண்டனிராஜ் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

செல்விக்கு இதில் சொந்த ஆசையும் இருந்தது. மேட்டுப்பட்டியில் அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. அப்பா இருதயநாதன் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி ஜனவரிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதைவிட அம்மாவுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. போன கிறிஸ்மஸுக்கு வாசலில் ஸ்டார் கட்ட ஓர் ஆணி அடித்ததற்கு, சுவர் பெயர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரம்மா தெருவே பார்க்கச் சத்தம் போட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வாயைத் திறந்தால் சொந்த வாசல் பேச்சுத்தான்.

ஆகவே செல்வியும் மற்றவர்களைப் போல இணையதளத்தைத் திறந்து அப்பா பெயரைப் பதிந்தாள். நிரலை எழுதியவள் என்பதற்காக ஒரு நிமிஷம்கூட முன்னால் போகவில்லை. வேலைக்கு நடுவில் கொஞ்சம் பிந்தித்தான் பதிந்திருந்தாள். வரிசையில் முப்பத்தெட்டு வந்தது. நாற்பதுக்குள் முப்பத்தெட்டு. வரிசை எண் போட்ட கார்டு தபாலில் வந்தபோது அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே சாத்தி வைத்தாள். அத்தோடு நிற்காமல், பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மனை ஒதுக்கீடு. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்த சூட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பூமார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டு நேரே வந்தவர் போல, அவர் வந்ததும் அந்த அறையே மல்லிகைப்பூ வாசம் அடித்தது. முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"யாரும்மா இங்கன வரிசை போடுறது?"

"நாந்தாங்க. உக்காருங்க."

"உக்கார வரல. எம் பேரு பொன்னழகு. களத்துப்பட்டி. சந்தையில உங்க புள்ளைகிட்ட எங்க ஊருல மொத ஆளாப் பேரு குடுத்தது நானு. எனக்குப் பின்னாடி எங்க தெருவே குடுத்துச்சு. ஒருத்தருக்கும் கார்டு வரல. மறுவாரம் கடைசி ஆளா வந்து குடுத்தான் என் பங்காளி சுருளிவேலு. அவனுக்கு மட்டும் வந்துருக்கு. ஒம்பதாம் நம்பரு. எம்புட்டும்மா குடுத்தான் உங்களுக்கு?"

செல்விக்குச் சுருக்கென்றது. "இங்க யாரும் எதும் வாங்குறதில்லைங்க. வரிசை போடுறது கம்ப்யூட்டர்."

"அப்ப உங்க கம்ப்யூட்டர்தான் வாங்கியிருக்கு" என்றார் பொன்னழகு. "அந்த நெலத்துல அடுத்தவனுக்குப் பூப்பறிச்சுக் குடுத்தவுக நாங்க. அதுல நமக்கும் ஒரு துண்டு வாய்க்குதேன்னுதான் ஊரோட வந்து பேரு குடுத்தோம். இப்ப என்னடான்னா, அவன் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு. நேத்து குழாயடியில அவன் சம்சாரத்தைப் பாத்ததும் எம் பொண்டாட்டி வெறுங்குடத்தோட திரும்பி வந்துட்டா."

பின்னாலிருந்து ஆண்டனிராஜ் எட்டிப் பார்ப்பது செல்விக்குத் தெரிந்தது. நிரலில் பிழை இருக்காது என்று அவளுக்கு அசையாத நம்பிக்கை. இந்த ஆள் சந்தைக் கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு, பதியாமலே போயிருப்பார். பொன்னழகு என்று தட்டித் தேடினாள். இல்லை. நர்ஸ் அம்மாவிடம் ஆண்டனிராஜ் சொன்ன அதே வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லக் கூசி, "போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

அவர் மனப்பாடப் பாட்டுப் போலக் கடகடவென்று சொன்னார். தட்டியதும் ஒரு பக்கம் திறந்தது. பெயர் சுருளிவேல், ஊர் களத்துப்பட்டி.

"இது சுருளிவேல் நம்பர்தானே?"

"அவன் நம்பரா? நல்லாருக்கே. அது பெருமாள்சாமி உரக்கடை நம்பரும்மா. பி.பி. நம்பரு. ஊருக்கே அதான். பி.பி.ன்னு சொல்லித்தான் எல்லாரும் குடுத்தோம். அந்தப் புள்ளையும் தட்டுச்சே, நான் பாத்தேன்."

செல்வியின் கை அப்படியே நின்றது.

வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரையோ கடை நம்பரையோ கொடுத்து, அதன் பின்னால் பி.பி. என்று இரண்டு எழுத்தைப் போடுவார்கள். இது என் போன் இல்லை, கூப்பிட்டுப் பெயரைச் சொன்னால் ஆளை விட்டு என்னை அழைத்து வருவார்கள் என்று அதற்கு அர்த்தம். இது தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கிடையாது. காந்திகிராமத்தில் படிக்க விண்ணப்பம் போட்டபோது செல்வியே எதிர்வீட்டு நம்பரை எழுதி பி.பி. போட்டவள்தான். ஆனால் அவள் எழுதிய நிரல் எண்ணைத் தவிர மற்றதையெல்லாம் கழித்துப் போட்டது. கழிந்துபோனது அந்த இரண்டு எழுத்து. அதற்குப் பிறகு களத்துப்பட்டியில் யார் பெயர் கொடுத்தாலும் அதற்கு ஒரே ஆள்தான். ஊர்க்காரர்கள் கேட்கக் கேட்க, யாரோ ஒருவர் தன் பெயரைத் திருத்திக்கொண்டே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் பொன்னழகின் தேதியும் சுருளிவேலின் பெயரும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒன்பதாம் இடத்தில் நின்றன. ஒரு தெருவையே அவள் ஒரு ஆளாக ஆக்கி வைத்திருந்தாள்.

"அண்ணே" என்றாள். "உங்க பங்காளி ஒண்ணும் பண்ணல. எழுதுனது நானு. எங்கிட்டதான் தப்பு."

பொன்னழகு அவளையே பார்த்தார். சண்டைக்கென்று கிளம்பி வந்தவருக்கு எதிரில் ஆள் இல்லாமல் போனதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப அவன்கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச? நேத்து அம்புட்டுப் பேசிட்டேன்."

"நான் பேசுறேன். நாளைக்குள்ள கடைக்குப் போன் வரும். நீங்க போங்க."

அவர் போனதும் பழைய மெயில்களைத் திறந்தாள். ஷைனி தட்டியது தட்டியபடியே எல்லாம் இருந்தது, ஒவ்வொன்றிலும் பி.பி. என்று. பொன்னழகு முதல் சுருளிவேல் வரை பதினைந்து பேர். அத்தனை பேரும் அவள் அப்பா பெயரைப் பதிவதற்கு முன்னால் கேட்டவர்கள். பதினைந்து பேரில் ஒருவர்தான் வரிசையில் இருக்கிறார். மிச்சப் பதினாலு பேரையும் அவரவர் இடத்தில் வைத்தால், கடைசியில் நிற்கிற பதினாலு பேர் நாற்பதுக்கு வெளியே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பத்தெட்டு வெளியே.

மாதா படத்துக்குக் கீழே சாத்தியிருந்த கார்டு கண்முன் வந்தது. யாருக்கும் தெரியாது. பொன்னழகு ஒருவருக்கு மட்டும் எப்படியாவது இடம் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார். மற்றவர்கள் கார்டு வரவில்லை, அவ்வளவுதான் நம் ராசி என்று பூப்பறிக்கப் போய்விடுவார்கள். இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் யோசித்தாள்.

ஆண்டனிராஜ் இரண்டு டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு டீ வாங்கிவந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் கேட்டேன் செல்வி. விடு. எந்த ஆபீஸ்லதான் தப்பு நடக்கல? கார்டெல்லாம் போயிருச்சு. ஞாயித்துக்கிழமை ஒதுக்கீடு முடிஞ்சா யாரு வந்து கேக்கப் போறா? பொன்னழகுக்கு மட்டும் நான் ஒரு எடம் பாத்துக் குடுத்துர்றேன். உங்கப்பா இடத்துக்கும் பங்கம் வராது." டீயை உறிஞ்சிவிட்டு, "இப்பப் புரியுதா, ஏன் நாங்க எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டோம்னு? அப்பப்ப வளைச்சுக் குடுக்க ஒரு ஆளு வேணும்மா" என்றார்.

செல்வி டீயைத் தொடவில்லை. எழுந்து நேரே மோகன்குமார் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் அப்பா பெயர் வெளியே போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த ஆண்டனிராஜ் அதைச் சொன்னார்.

மோகன்குமார் கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. "கார்டு வாங்குனவன் சொந்தக்காரனுக்கெல்லாம் சொல்லியிருப்பான். இப்பப் போயி இல்லேன்னா கல்லை எடுத்து அடிப்பான். களத்துப்பட்டிக்காரங்களுக்கு அடுத்த சைட்டுல முன்னுரிமை தருவோம். அது போதாதா?"

"நோட்டீஸ்ல அப்படிப் போடலையே சார். கேட்ட வரிசைன்னுதான் போட்டுருக்கோம். அவங்க கேட்டாங்க. நேரத்தோட மெயில்ல இருக்கு."

"சரி, மாத்துவோம்னே வையி. வெளிய போற பதினாலு பேருக்கும் யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். ஒவ்வொருத்தரையும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

"எவனாவது ஞாயித்துக்கிழமை வந்து பந்தலைப் பிரிச்சா?"

"திங்கக்கிழமை நான் வேலைக்கு வரல சார். வேற ஆளை வச்சுக்கங்க."

மோகன்குமார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "செய்யி. ஆனா உங்கப்பாவுக்கு நான் ஒண்ணு ஒதுக்கிர்றேன். அந்த நாப்பது போக, கம்பெனி பேருல எனக்குன்னு ரெண்டு மனை எடுத்து வச்சிருக்கேன், உனக்கே தெரியும். அதுல ஒண்ணு. வரிசைக்குள்ளயே வராது. அந்த வெலைக்கே எடுத்துக்க."

அவர் மனசார்த்தான் சொன்னார். சரி என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. அம்மாவின் முகம், வீட்டுக்காரம்மாவின் முகம், ஜனவரி மாசம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. சரி சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அப்போதுதான் கதவோரம் நின்ற ஆண்டனிராஜைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை. நம்ம ஆள் ஒருத்தி கூடிவிட்டாள் என்கிற அன்பான சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் செல்வி அன்றைக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"வேண்டாம் சார்" என்றாள். "எங்கப்பா வரிசையில நிக்கட்டும்."

இடத்துக்கு வந்து நிரலைத் திறந்தாள். நம்பரை மட்டும் பார்க்காமல் நம்பரோடு பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றினாள். பி.பி. என்று வந்தால் கழித்துப் போடாமல் அதற்கென்று தனியாக ஓர் இடம் கொடுத்தாள். சந்தை மெயில்களை முதலிலிருந்து மறுபடி ஓட விட்டாள். களத்துப்பட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். கீழே இருந்த பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. இருதயநாதன் ஐம்பத்திரண்டில் போய் நின்றார். அவள் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சேமித்தாள்.

சனிக்கிழமை காலையிலேயே போனை எடுத்துவிட்டாள். முதலில் உரக்கடை. விற்பனைப் பையன்கள் முன்பு இந்த நம்பரைக் கூப்பிட்டு, சுருளிவேல் இங்கே இல்லை என்றதும் போனை வைத்துவிட்டிருந்தார்கள். கடை நம்பருக்கு அப்படிக் கூப்பிடக் கூடாது.

"பெருமாள்சாமி அண்ணே, சுருளிவேலையும் பொன்னழகையும் கூட்டியாரச் சொல்லுங்க. செத்த நேரம் கழிச்சு மறுபடி கூப்பிடுறேன்."

மறுபடி கூப்பிட்டபோது சுருளிவேல் எடுத்தார். நடந்ததைச் சொன்னாள். ஒன்பதாம் இடம் அவருடையது இல்லை, இருபத்துமூன்று என்பதையும் சொன்னாள். ஒன்பது போய்விட்டதே என்று சத்தம் போடப் போகிறார் என்று காத்திருந்தாள்.

"ஒம்பது போனாப் போகுதும்மா" என்றார் சுருளிவேல். குரல் உடைந்திருந்தது. "இவன் என்னைக் களவாணின்னுட்டான். பக்கத்துலதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். நீங்க சொன்னதை அப்படியே இவன் காதுலயும் ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். பிறகு தெருவில் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராக வரச்சொல்லிச் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. சோலைமலை என்கிற ஒருவர், விளையாடுகிறீர்களா என்று கேட்டு, பெருமாள்சாமியை விட்டு இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

அது சுலபமான பாதி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மற்றவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே மாதிரியாகத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். குழையக் கூடாது, கணினி மேல் பழி போடக் கூடாது. "பசுங்கிளை புரமோட்டர்ஸ்ல இருந்து சகாயசெல்வி பேசுறேன். உங்களுக்கு வந்த கார்டுல வரிசை எண் தப்பு. உங்களுக்கு முன்னாடி கேட்டவங்க சில பேரை நான் விட்டுட்டேன். சரி பண்ணுனதுல உங்க எண் நாப்பதுக்கு வெளியில போயிருச்சு. இந்தத் தடவை மனை இல்லை. தப்பு என்னோடது."

கொடைரோட்டிலிருந்து பேசிய ரயில்வேக்காரர் பத்து நிமிஷம் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு டைலர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. புரோக்கர் ஒருவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். தாராளமாகப் போங்கள், மெயிலையெல்லாம் நானே எடுத்துத் தருகிறேன் என்றாள். அந்த நர்ஸ் அம்மாவும் பதினாலில் ஒருவர். அந்த ஒரு நம்பரை மட்டும் செல்வி பாதி அழுத்தி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்பவாவது கூப்பிட்டுச் சொன்னீங்களேம்மா" என்றார். அதைக் கேட்டதும் செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டனிராஜ் பார்க்கிறாரே என்று துடைக்காமல் விட்டாள்.

சாயங்காலம் ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போய் நேரில் சொல்லலாம். நேரில் சொன்னால் அம்மா முகத்தைப் பார்த்துக் குழைந்துவிடுவோம் என்று தெரிந்தது. வீட்டு நம்பரை அழுத்தினாள். அம்மாதான் எடுத்தாள்.

"பசுங்கிளை புரமோட்டர்ஸ்ல இருந்து சகாயசெல்வி பேசுறேன்."

"என்னடி இது, புதுசா?"

அவள் நிறுத்தவில்லை. மற்றப் பதின்மூன்று பேருக்கும் சொன்னதை அதே வார்த்தையில், அதே வேகத்தில் சொல்லி முடித்தாள். கடைசி வரியில் மட்டும் குரல் கொஞ்சம் பிசகியது.

பின்னால் அப்பா, யாரு, என்னவாம் என்று கேட்பது காதில் விழுந்தது.

"நீ எழுதுனதுதானே அது" என்றாள் அம்மா. "ஒன் அப்பா பேரை மட்டும் அங்கனயே விட்டுருக்க முடியாதா?"

"முடியும்மா."

"அப்புறம் ஏன்டி?"

"ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பூக்காட்டுக்காரங்கம்மா. நமக்கு முன்னாடி கேட்டவங்க. பதினஞ்சு வீட்டு ஆளுக. அத்தனை பேரையும் நான் ஒருத்தர்னு எழுதிட்டேன்."

அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. செல்வி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, பதில் சொல்லக் கூடாது என்று இருந்தாள்.

"சனவரிக்கு வேற வாடகை வீடு பாக்கணும்" என்றாள் அம்மா. "ஒங்கப்பாட்ட நான் சொல்லிக்கிறேன். ஒங்க முதலாளி அடுத்த சைட்டு எப்பப் போடுறாரு?"

"இன்னும் எடமே வாங்கலம்மா."

"வாங்குறப்ப வாங்கட்டும். அதுக்கு இன்னும் யாரும் பேரு குடுக்கலேல்ல?"

"இல்லம்மா."

"அப்ப நான் இப்பக் கேக்குறேன். எழுது. எம் பேரையே போடு."

செல்வி இணையதளப் பக்கத்தைத் திறந்தாள். அம்மாவின் பெயரைத் தட்டினாள். ஊர் என்ற இடத்தில் மேட்டுப்பட்டி என்று தட்டினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும், "போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

அம்மா கோபமும் அழுகையுமாக, ஆனால் ஒரு எண்கூடத் தப்பாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். செல்வி ஒவ்வொன்றாகத் தட்டினாள்.